27 சதவீத ஒப்புமைக்குக் கடைக்காரர் மருந்து வேண்டாம்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். நூலகச் சோதனையில் பிறர் எழுத்தோடு 27 சதவீத ஒப்புமை வந்திருக்கிறது. பல்கலைக்கழக வாசலில் உள்ள டைப்பிங் கடைக்காரர், 6,000 ரூபாய் கொடுத்தால் 5 சதவீதத்துக்குக் கீழே இறக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 27 சதவீதத்தால் பட்டம் பறிபோகாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தரச் சொல்வார்கள். 60ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து.

முதலில் அறிக்கையின் உள்பக்கங்களைப் புரட்டுங்கள். அண்மையில் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தார். பார்த்தால், துணைநூற்பட்டியல் முழுக்கச் சிவந்து கிடந்தது. அதை விலக்கும் கட்டத்தில் சோதித்தவர் டிக் போடவில்லை, அவ்வளவுதான். துணைநூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம், சான்று காட்டிய மேற்கோள்கள், சட்ட வாசகங்கள் எதுவும் கணக்கில் சேரக்கூடாது. விலக்கிவிட்டு மறுபடி சோதிக்கும்படி நூலகரிடம் கேளுங்கள்.

இன்னொரு விலக்கை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பொது அறிவான செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ந்து 14 சொற்கள் வரை இருந்தால் விட்டுவிடலாம் என்கிறது விதி. இதை '14 சொல் திருடலாம்' என்று படிக்கிறார்கள்! 14 சொல்லுக்கு ஒரு சொல்லை மாற்றி ஒரு பத்தியையே கடத்தினால் அது தற்செயல் ஆகாது. மென்பொருள் விட்டாலும் தேர்வாளர் விடமாட்டார்.

கடைக்காரர் செய்வது என்ன? சொல்லை மாற்றிப்போடும் மென்பொருளில் உங்கள் கோப்பைக் கொட்டுவார். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகும். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அச்சான கட்டுரைகளிலேயே இவை பிடிபட்டிருக்கின்றன. உங்கள் ஆய்வேடு நாளை, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறும். யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். வேறு சிலர், ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவில் உள்ள ரஷ்ய எழுத்தை நுழைப்பார்கள். அது மோசடி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சோதித்துப் பார்க்கும் தளம் கோப்பைச் சேமித்துவைத்துவிட்டால், அடுத்த சோதனையில் உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக 100 சதவீதம் காட்டும்.

யுஜிசியின் நூலக வலைப்பின்னல் மையமான இன்ஃபிளிப்நெட் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இருந்தும் மாணவரைக் கடைசி வாரத்தில்தான் அதன் பக்கம் விடுகிறார்கள். இந்தக் கடைகளுக்குச் சோறு போடுவது அந்த நடைமுறைதான்.

மீதமுள்ள சிவப்பு வரிகளை நீங்களே திருத்துங்கள். மூல நூலை மூடிவைத்துவிட்டு, புரிந்ததைச் சொந்த நடையில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபார்த்துச் சான்று போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும்.

கடைக்காரரிடம் பென்டிரைவை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே நெறியாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.