ஹைக்கூவையும் பருவங்களையும் வைத்து, உருவம் எதுவும் காட்டாத அரூப அச்சோவியம் செய்ய முடியுமா? தவளை, செர்ரிப்பூ எதுவும் வரையாமல் எப்படி?

முடியும். ஆனால் நானும் முதலில் தவளையைத்தான் செதுக்கினேன்.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1686இல் எழுதிய கவிதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் ஓசை. மூன்று வாரம் உட்கார்ந்து குளம், தவளை, நீர்வளையம் என்று ஒன்றுவிடாமல் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்தேன். பார்த்த நண்பர், "குழந்தைகள் புத்தகத்துக்கா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். கவிதை முடியும்போது தவளை தண்ணீருக்குள் போய்விட்டது, ஓசைதான் மிச்சம். நான் போன தவளையைப் பிடித்து வைத்திருந்தேன்.

அப்புறம்தான் ஹைக்கூவின் உறுப்புகளைக் கவனித்தேன். ஒன்று 'கிகோ', பருவச்சொல். தவளை என்றாலே அங்கே வசந்தம். இப்படிப்பட்ட சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த 'சாய்ஜிகி' நூல்களே உண்டு. இன்னொன்று 'கிரெஜி', வெட்டுச்சொல். ஜப்பானிய மூலத்தில் குளத்துக்கு அடுத்து வரும் 'யா' அதுதான். தனிப் பொருள் கிடையாது, மூச்சை ஒரு கணம் நிறுத்தும், அவ்வளவே. எனக்குக் கைகொடுத்தது இந்த 'யா'. தாளின் கீழ்ப்பகுதியில் கரும்பச்சை, மேலே வெளிறிய சாம்பல், நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றும் அச்சிடாத வெறும் தாள். இரண்டே கட்டைகள். முதல் படத்தைவிட இதில்தான் குளம் இருந்தது.

ஓஞ்சி கோஷிரோவின் (1891–1955) படங்களைத் தேடிப் பாருங்கள். ஜப்பானிய அரூப அச்சோவியத்தின் முன்னோடி. பிற்காலத்தில் மரக்கட்டையோடு நிற்காமல் இலை, கயிறு போன்றவற்றை வைத்தும் அச்செடுத்தார். உக்கியோ-எ என்ற பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சு முறையில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். ஓஞ்சி சேர்ந்திருந்த சோசாகு ஹங்கா ('படைப்பு அச்சோவியம்') இயக்கத்தாரோ மூன்றையும் ஒரே ஆள் செய்யவேண்டும் என்றார்கள். நம் வேலைக்கு அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பருவம் பெரும்பாலும் அச்சிடும்போதுதான் படத்துக்குள் வருகிறது.

எப்படி என்றால், மரபான ஜப்பானிய முறையில் எண்ணெய் மை கிடையாது. தண்ணீரில் கரைத்த நிறமியையும் துளி அரிசிப்பசையையும் பிரஷ்ஷால் கட்டையில் பரப்பி, ஈரப்பதமான வாஷி என்ற ஜப்பானியத் தாளைக் கவிழ்த்து, 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்க்கவேண்டும். அதன் அடிப்பக்கம் மூங்கில் மடலால் போர்த்தியிருக்கும். நிறம் ஒரு பக்கமாகக் கரைந்து மறைவது 'பொகாஷி'. மூடுபனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பசையைக் குறைத்து லேசாக அழுத்தினால் எள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக விழும். அதன் பெயரே 'கோமாசுரி', கோமா என்றால் எள். முதல் பனித்தூவலுக்கு அதைத்தான் வைத்தேன்.

கோடைப் படம் தானாக அமைந்தது. சென்னையில் மே மாத மதியம், இரண்டாவது கட்டையில் வைப்பதற்குள் தாள் காய்ந்து சுருங்கிவிடும். தாளை ஒவ்வொரு கட்டையிலும் ஒரே இடத்தில் வைக்க உதவும் 'கெந்தோ' என்ற மூலைக் குறியில் துல்லியமாக வைத்தாலும் ஆரஞ்சு நிறம் ஒரு நூல் விலகித்தான் விழுந்தது. பத்துத் தாள் வீணானபின், சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த விலகல்தான் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம், கானல் மாதிரி நடுங்குகிறது.

மழைக்காலப் படம் இன்னும் முடியவில்லை. நனைத்த தாள்களை டப்பாவில் மூடிவைத்து ஒரு வாரம் மறந்துவிட்டேன், பூஞ்சை பிடித்துவிட்டது. அதையும் பருவம் என்று சொல்லி மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.