தவிர்ப்பதா, குறைப்பதா, கைமாற்றுவதா, ஏற்பதா? தகவல் பாதுகாப்பு: கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு சிறு நிறுவனங்களில் கணினிப் பொறுப்பை (பல சமயம் வேறு ஆள் இல்லாததால்) தலையில் சுமப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) தணிக்கை வேலையில் இருப்பதால் என்னைத் தேடி வந்தன. பெயர்களை நீக்கிவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், கணக்காளர் அலுவலகம்: அக்கா, இடரைச் சமாளிக்க நாலு வழி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை எப்போ எடுக்கணும்னு சொல்றவங்க யாரும் இல்ல. எங்ககிட்ட ஒரே சர்வர். ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) வந்தா நாலு நாள் வேலை நிக்கும், ஒரு நாளைக்கு 6,000 வெள்ளி போகும், சரி பண்ண 15,000 ஆகும். பேக்கப் சேவை வருஷத்துக்கு 4,500 கேக்குறாங்க. அது இருந்தா ஒரே நாள்ல எழுந்துடலாம், சரி பண்ண 3,000 போதும். பாஸ் யோசிக்கிறார்.

தம்பி, முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த வேலையையே செய்யாமல் விடமுடியுமா? முடிந்தால் தவிர்த்தல். முடியாதென்றால், காசு போட்டால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். மிச்சத்தில் பண இழப்பு மட்டும் பெரிதாக இருந்தால் காப்புறுதி. அதற்கும் பிறகு கையில் நிற்பதை ஏற்க வேண்டும். ஒரே இடருக்கு இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். ஒரு தாக்குதலின் விலை 39,000 வெள்ளி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வருடத்துக்கு 7,800. பேக்கப் இருந்தால் ஒரு தாக்குதல் 9,000, வருடத்துக்கு 1,800. மிச்சம் 6,000, செலவு 4,500. வாங்கலாம். இப்போது ஐந்தைப் பத்தாக்கிப் பாருங்கள்: மிச்சம் 3,000தான், செலவு அதே 4,500. வாங்கவேண்டாம் என்று வருகிறது! முடிவைத் தீர்மானிப்பது அந்த "எத்தனை வருடத்துக்கு ஒருமுறை" என்ற எண். அதுவோ நாம் ஊகித்துப் போட்டது.

அதனால் பாஸிடம் வேறு மாதிரி கேளுங்கள். ஜூன் மாதம், வரிப் படிவங்கள் குவிந்து கிடக்கும்போது, ஒரே அடியில் 39,000 போனால் அலுவலகம் தாங்குமா? தாங்காது என்றால் சராசரியைப் பார்த்துப் பயனில்லை, பேக்கப் வாங்கவேண்டியதுதான். ஒரு நகலாவது நெட்வொர்க்கில் ஒட்டாமல் தனியே இருக்கட்டும். அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்தீர்களா என்பதையும் எழுதி வையுங்கள். இன்னொன்று, பேக்கப் வேலை நிற்பதைத்தான் குறைக்கும். வாடிக்கையாளர் கோப்புகளைத் திருடி வெளியிடுவோம் என்று மிரட்டினால் அது உதவாது. அதைப் பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள்.

செந்தூல், டியூஷன் நிலையம்: மேடம், பெற்றோரோட அடையாள அட்டை நகல் ஆறு வருஷமா சேர்த்து வச்சிருக்கோம். எல்லாம் ஒரு கூகுள் டிரைவ்ல இருக்கு. என்க்ரிப்ட் பண்ண எந்த மென்பொருள் நல்லது?

எதற்குச் சேர்த்தீர்கள்? மாணவரைப் பதிவு செய்யப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதாதா? தேவை முடிந்த தரவை வைத்திருக்கக்கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 ஏற்கெனவே சொல்கிறது. அழியுங்கள். நாளையிலிருந்து வாங்கவும் வேண்டாம். இல்லாத நகல் திருடு போகாது. மென்பொருள் காசும் மிச்சம். இந்தத் துறையில் ஆட்கள் தவிர்த்தலை மறந்தே போகிறார்கள், அதை விற்கிற வெண்டர் யாரும் இல்லையே! வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் நகல்களையும், பதிவு மேசையில் இருப்பவரின் சொந்தக் கைப்பேசியையும் விட்டுவிடாதீர்கள்.

சைபர்ஜெயாவில் வேலை, வீடு கோலாலம்பூர்: நடக்கும் வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கும் 5க்கு 5 கட்டத்தில் 10க்கு மேல் வந்தால் குறைக்கணும், கீழே வந்தால் ஏற்கணும் என்று எங்கள் கொள்கையில் இருக்கிறது. சரியா?

தொடங்குவதற்கு சரி. ஆனால் மாதம் ஒருமுறை பிரிண்டர் நிற்பதும் (5×1), வாழ்நாளில் ஒருமுறை கம்பெனியே மூடுவதும் (1×5) உங்கள் கட்டத்தில் ஒரே 5. பாதிப்பு 5 என்று வந்த எதையும், பெருக்குத்தொகை என்னவாக இருந்தாலும், நிர்வாகம் நேரில் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை: அக்கா, சோதனை மெஷினோட கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7. மெஷின் செஞ்சவங்க புது மென்பொருள் தரமாட்டேங்கிறாங்க. மாத்தணும்னா மெஷினையே மாத்தணும், அவ்வளவு காசு இப்ப இல்ல. ஆடிட்டர் சிவப்பு போட்டுட்டார். "ஏற்கிறோம்"னு எழுதி முடிச்சிடலாமா?

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வெறுமனே "ஏற்கிறோம்" என்று எழுதினால் அடுத்த தணிக்கையிலும் சிவப்புதான், அதுவும் நியாயமான சிவப்பு. கைக்கு எட்டுவதை முதலில் செய்யுங்கள். அந்த மெஷினை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனி விலானில் (மற்ற கணினிகள் எட்டமுடியாதபடி பிரித்த உள்நெட்வொர்க்கில்) போடுங்கள். அங்கிருந்து இணையம் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். சோதனை முடிவுகள் போய்ச்சேரும் ஒரே ஒரு சர்வருக்கு மட்டும், ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து விடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை மூடுங்கள். 2017இல் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது எஸ்எம்பி (விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) வழியாக. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். அதனால் எஸ்எம்பி தேவையில்லை என்றால் அதையும் மூடுங்கள்.

அடுத்தது யுஎஸ்பி. சர்வீஸ் இன்ஜினியர் வந்து பென்டிரைவைச் செருகுவார், அதுதான் அசல் வாசல். வாசலிலேயே ஒரு தனிக் கணினியில் ஸ்கேன் செய்து, கம்பெனி பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுத்து, அதே மாதிரி உதிரி டிஸ்க் ஒன்றில் போட்டு, அது உண்மையில் பூட் ஆகிறதா என்று பராமரிப்பு நாளில் மாட்டிப் பாருங்கள். பழைய மெஷின்களுக்கு வைரஸைவிட டிஸ்க் சாவதுதான் அடிக்கடி நடக்கும்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவதை ஏற்கலாம். கையெழுத்துப் போடவேண்டியவர் உற்பத்தி மேலாளர். மெஷின் நின்றால் ஏற்றுமதி தாமதமாவது அவர் கணக்கில், ஐடி ஆளின் கணக்கில் இல்லை. இதற்குத்தான் ஐஎஸ்ஓ 27001 இடர் உரிமையாளர் என்று ஒருவரைக் கேட்கிறது. மிஞ்சும் இடருக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று 6.1.3 பிரிவில் இருக்கிறது.

ஜார்ஜ்டவுன், மொத்த வியாபாரம்: சைபர் காப்புறுதி எடுத்துட்டேன். இனி எனக்குக் கவலை இல்லைதானே?

ஐயா, காப்புறுதி கைமாற்றுவது பணத்தை. பொறுப்பு உங்களிடமே நிற்கிறது. 2025 ஜூன் 1 முதல், பெரிய தீங்கு விளைவிக்கக்கூடிய அல்லது பெரிய அளவிலான தரவுக் கசிவைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெரிய தீங்கு நேரக்கூடும் என்றால் பாதிக்கப்பட்ட ஆட்களுக்கும் சொல்லவேண்டும். சட்டத்தில் உள்ள தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறினால் அபராதம் ஒரு மில்லியன் ரிங்கிட் வரை போகலாம், முன்பு அது 300,000. நீங்கள் நிரப்பிய விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "எல்லா மின்னஞ்சல் கணக்குகளுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா" என்பது போன்ற கேள்விக்கு ஏஜென்ட் "ஆம்" என்று டிக் போட்டிருந்தால், இன்றே அதை உண்மையாக்குங்கள். இல்லையென்றால் இழப்பீடு மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. கழிவுத்தொகை (இழப்பில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு) எவ்வளவு, போலி இன்வாய்ஸை நம்பி அனுப்பிய பணம் அடங்குமா என்பதையும் கேளுங்கள். மொத்த வியாபாரத்தில் அந்த வகை மோசடிதான் எனக்கு அதிகம் தென்படுகிறது.

அதே நண்பர்: சம்பளக் கணக்கை வெளியே கொடுத்துட்டேன். அவங்க தவறு பண்ணினா?

2025 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கடமை அவர்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. அதனால் உங்களுடையது குறைந்துவிடவில்லை. உங்கள் 72 மணி நேரம் கரைந்துபோகாமல் இருக்க, கசிவு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பங்சார்: 27001 சான்றிதழுக்கு 93 பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் போடணுமாம், உண்மையா?

இல்லை. 2022 பதிப்பின் பின்னிணைப்பில் 93 இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேண்டுமா வேண்டாமா, ஏன் என்று பொருந்துநிலை அறிக்கையில் சொன்னால் போதும். "செலவு அதிகம்" என்பதை மட்டும் காரணமாகப் போடாதீர்கள், உடனே அடுத்த கேள்வி வரும்.

செத்தாபாக், மாணவர்: ரேன்சம்வேர் தாக்கியவர்களுக்கு மீட்புத்தொகை கட்டுவது எந்த வகை, ஏற்பதா கைமாற்றுவதா?

எதுவுமில்லை. இந்த நான்கும் சம்பவத்துக்கு முன்னால் எடுக்கும் முடிவுகள். 2025 மார்ச்சில் மலேசியா ஏர்போர்ட்ஸ் கணினிகளைத் தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டதாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் சொன்னார். "முடியாது" என்று சொல்ல மனம் மட்டும் போதாது, மீட்டெடுக்க நகல் வேண்டும். கட்டினாலும் கோப்புகள் திரும்பி வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: அக்கா, நான் ஐடியில ஒரே ஆள். பாஸ்கிட்ட எது சொன்னாலும் "அதெல்லாம் பாத்துக்கலாம் லா"ன்னு போயிடறார். நாளைக்கு ஏதாவது ஆனா என் தலைதான் உருளும்.

உருளும், சந்தேகமே வேண்டாம். "பாத்துக்கலாம்" என்பது ஏற்றல் ஆகாது. எது நடக்கலாம், நடந்தால் எவ்வளவு போகும் என்று தெரிந்து ஒருவர் தன் பெயரைப் போடுவதுதான் ஏற்றல். நீண்ட அறிக்கை எழுதாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். அரைப் பக்க மின்னஞ்சல் போதும்:

"சர்வருக்கு பேக்கப் இல்லை. டிஸ்க் பழுதானாலோ ரேன்சம்வேர் வந்தாலோ மூன்று வருட விற்பனைக் கணக்கு போய்விடும். சரிசெய்ய வருடம் இவ்வளவு வெள்ளி. இப்போது வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், டிசம்பர் 31 வரை இந்த இடரை நிர்வாகம் ஏற்றதாகப் பதிவேட்டில் குறிக்கிறேன். அதற்குப்பின் மறுபடி கேட்பேன்."

தேதி முக்கியம். தேதியில்லாத ஏற்பு யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பலர் இந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் காசைக் கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் "ஏற்கிறேன்" என்று பதில் எழுதக் கை வருவதில்லை. அவர் பதிலே போடாவிட்டால் ஒரு வாரத்தில் கணக்குப் பிரிவு மேலாளரையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். இதற்கிடையில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சில நூறு வெள்ளி போதும், சிறு செலவுப் பணத்தில் அடங்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நகல் எடுத்து, கழற்றி, அலமாரியில் பூட்டுங்கள்.