சத்தியம் யாருக்கு?

கேள்வி: ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஆயுதக் குழு, ஐ.எஸ். தலைவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்ததாகச் செய்தி வருகிறது. முகம்கூடப் பார்க்காத ஆளுக்கு எதற்குச் சத்தியம்?
- வாசகர், தேவகோட்டை

பதில்: எங்கள் ஐயா பர்மாவில் ஏஜெண்டாக இருந்தவர். கடை முதலாளியின் விலாசத்தில், அதாவது அவர் பெயரில், நடக்கும். பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் இவர். அந்த விலாசத்தை நம்பித்தான் ஊரில் பணம் புரளும். இந்தக் குழுக்களுக்கு வேண்டியதும் அதுதான். பெரிய பெயர் கிடைத்தால் ஆள் சேரும், பணம் வரும். தலைமைக்கோ, கால் வைக்காத நாட்டில் ஒரு கிளை.

ஆனால் ஐயாவுக்கு இத்தனை வருஷம் வேலை என்று தவணை உண்டு, கணக்கு ஒப்படைப்பு உண்டு. இங்கே வெறும் வாக்குத்தான், அதுவும் ஒரு தனி மனிதருக்குக் கொடுத்தது. அதனால் நடந்த கூத்தைக் கேளுங்கள். தாலிபான் தலைவர் முல்லா ஒமருக்குக் கொடுத்த பிரமாணத்தை 2014 ஜூலையில் அல்-கொய்தா புதுப்பித்தது. அவரோ 2013 ஏப்ரலிலேயே செத்துப்போயிருந்தார். தாலிபான் வெளியே விடவில்லை. 2015-ல் குட்டு உடைந்ததும் அல்-கொய்தா தலைவர் ஜவாஹிரி அடுத்த தலைவர் மன்சூருக்குச் சத்தியம் செய்தார். மறு வருஷமே அமெரிக்க ட்ரோன் மன்சூரை முடித்தது. அப்புறம் அவருக்கு அடுத்து வந்த ஹைபத்துல்லாவுக்கு இன்னொரு சத்தியம்!

நைஜீரியாவின் ஆயுதக் குழுவான போகோ ஹராமின் தலைவர் ஷெகாவ் 2015 மார்ச்சில் ஐ.எஸ்ஸிடம் பணிந்தார். 2016 ஆகஸ்டில் ஐ.எஸ். வேறொருவரைத் தலைவராக அறிவித்தது. ஷெகாவ் நாற்காலியை விடுவாரா? குழு இரண்டாக உடைந்தது. 2021-ல் அந்த ஐ.எஸ். பிரிவோடு நடந்த மோதலில்தான் ஷெகாவ் செத்தார்.

சிரியாவின் ஆயுதக் குழுத் தலைவர் ஜொலானி கெட்டிக்காரர். 2013-ல் அவருடைய குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாக ஐ.எஸ். தலைவர் பாக்தாதி அறிவித்ததும், 'என் விசுவாசம் ஜவாஹிரிக்கு' என்று நழுவினார். 2016-ல் அல்-கொய்தாவையும் உதறினார். 2025-ல் அவர் சிரியாவின் அதிபர்.

கேள்வி: இலங்கைத் தமிழ்க் குழுக்களும் ஒரு காலத்தில் ஒன்று சேர்ந்தார்களே?
- வாசகி, காரைக்குடி

பதில்: சேர்ந்தார்கள். ஆனால் அங்கே யாரும் யாருக்கும் பணியவில்லை. பெயரளவிலாவது சமமானவர்களின் கூட்டு. 1985 ஏப்ரலில் புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் நான்கும் ஒரே முன்னணி. தலைவர்கள் கைகோத்து நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வருஷம் இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுவார்த்தைக்கும் சேர்ந்தே போனார்கள். 1986 மே மாதத்துக்குள் புலிகள் டெலோவைத் துடைத்தெடுத்து, அதன் தலைவர் ஸ்ரீசபாரத்தினத்தையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.