எலும்புப் பொத்தான்களில் மீண்டும் தோன்றும் மஞ்சள் திட்டுகள்

வணக்கம் ஐயா. டர்பனில் வாங்கிய மாட்டுக் கால் எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்தும், கடைந்த பொத்தான்களில் மஞ்சள் திட்டுகள் திரும்பவும் தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். அது எலும்பின் நுண்துளைகளில் தங்கிவிட்ட கொழுப்பு. மேலும் கொதிக்கவைத்தால் எலும்பின் புரதம் கரைந்து, அது நொறுங்கத் தொடங்கும்.

அடுத்த முறை கசாப்புக் கடைக்காரரிடமே இரு முனைகளையும் அறுத்துவிடச் சொல்லி, சுவர் தடித்த நடுத்தண்டை மட்டும் வாங்குங்கள். மஜ்ஜையைக் கம்பியால் சுரண்டியெடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது அறவே நிற்கும்வரை, வாரக்கணக்கில் ஆனாலும், நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கலாம். துணி வெளுக்கும் குளோரின் திரவம் மேற்பரப்பைச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்யும் என்பதால், அதைத் தொடவே வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு மாட்டெலும்பு ஆகாதென்றால், ஆட்டுக்கால் எலும்பு மெல்லியதானாலும் ஊசிக்கும் சிறு மணிக்கும் போதும். எதைக் கடைந்தாலும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தக்க முகக்கவசம் இன்றிக் கடைசல் பொறியை இயக்காதீர்கள்.