கொடியில் காயும் தொப்பி

வணக்கம் சார்,

‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டயல் ஆஃப் டெஸ்டினி’யை இப்போதுதான் பார்த்தேன். மனசே ஆறவில்லை. இதே வரிசையில் வந்த 1989 படத்தில் அப்பாவும் மகனும் குதிரையேறி அஸ்தமனத்தை நோக்கிப் போனார்களே, அங்கேயே முடித்திருக்கலாம். 80 வயதுக்காரரைக் கூட்டிவந்து அடி வாங்க வைப்பது காசுக்காகத்தானே? கிழவராகிவிட்ட நாயகனை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

காசுக்காகத்தான். 1981இல் வந்த முதல் படமும் தர்மத்துக்கு எடுத்ததில்லை. ஆனால் இந்தப் படத்தில் உருப்படியாக இருப்பதே கிழவர்தான். கெடுத்தது அந்த இளைஞன்.

ஆரம்பத்தில் 20 நிமிடத்துக்கு மேல் கதை 1944இல் நடக்கிறது. நாயகனாக வரும் ஹாரிசன் ஃபோர்டின் முகத்தைக் கணினியில் இளமையாக்கிவிட்டார்கள். முகம் பரவாயில்லை. வாயைத் திறந்தால் வருவதோ வயதான கரகரப்பு. பேரனுக்குத் தாத்தா டப்பிங் பேசியதுபோல இருக்கிறது.

அப்புறம் 1969, நியூயார்க். பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் எழுந்து, பேஸ்பால் மட்டையோடு சண்டைக்குப் போகிறார். வீட்டில் மனைவி பிரிந்துபோவதற்கான காகிதம். மகன் வியட்நாம் போரில் போய்விட்டான். கல்லூரியில் தொல்லியல் பேராசிரியராகக் கடைசி நாள். முதல் படத்தில் ஒரு மாணவி இமைமேல் காதலை எழுதிவந்து கண்ணை மூடிக் காட்டுவாளே, அதே வாத்தியார்தான். இப்போது வகுப்பு தூங்கி வழிகிறது. ஓய்வுபெறுகிறவருக்குக் கடிகாரம் பரிசு. (நம் ஊரிலும் இதே கதைதான். இனி மணி பார்த்து ஓட வேண்டாத ஆளுக்கு எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்களோ!) அதைத் தெருவில் யாரிடமோ கொடுத்துவிட்டு நடக்கிறார். வெளியே நிலவுக்குப் போய்வந்தவர்களுக்கு ஊர்வலம். ஊரே அண்ணாந்து பார்க்கும்போது மண்ணைத் தோண்டுகிறவரை யார் கவனிப்பார்கள்? இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்ட் இதையே இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். மொராக்கோ ஆட்டோ துரத்தலைத்தான் நீட்டினார்.

படத்தில் எல்லோரும் தேடும் கருவிக்கு, அதாவது தலைப்பில் வரும் அந்த ‘டயல்’ என்பதற்கு, நிஜத்தில் ஒரு மூலம் உண்டு. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் கடற்பஞ்சு எடுப்பவர்கள் மீட்டது. ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பச்சை பூத்த வெண்கலத் துண்டுகளாக இருக்கிறது. பல்சக்கரங்களை வைத்து சந்திரனின் போக்கையும் கிரகணங்களையும் கணித்தார்கள். படத்தில் அது காலத்தில் ஓட்டை காட்டுகிறது. வில்லனான நாஜியின் கணக்கு பிசகி, எல்லோரும் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சைரக்யூஸ் நகர முற்றுகையில் போய் விழுகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் நேரில் வருகிறார். குண்டடி பட்டுக் கிடக்கும் கிழவர், என்னை இங்கேயே விட்டுவிடு என்று கெஞ்சுகிறார். ஆயுள் முழுக்க உடைந்த சில்லுகளாகத் தொட்டுப் பார்த்த காலம் கண்ணெதிரே மூச்சுவிடுகிறது. யாருக்கு எழுந்து வர மனசு வரும்? இதை 40 வயது நாயகன் சொல்லியிருந்தால் வெறும் வசனம். ஞானமகள் ஹெலெனா ஒரு குத்து விட்டுத்தான் அவரை மீட்க முடிகிறது.

பழைய காலத்தில் தங்கக் கூடாது என்று நாயகனுக்குச் சொல்லும் படம், தான் மட்டும் 1944இல் அத்தனை நேரம் குடியிருந்துவிட்டு வந்ததே, அதுதான் என் கோபம்.

1989 முடிவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் அப்பாவாக வந்த ஷான் கானரிக்கு 60கூட ஆகவில்லை. ஃபோர்டைவிட 12 வயதுதான் மூத்தவர். அவரைக் கிழவராக வைத்து ரசித்தோம். நிஜமாகவே கிழவராகி ஒருவர் வந்தால் முகம் சுளிக்கிறோம்.

கடைசி ஷாட்டில் தொப்பி துணிக்கொடியில் தொங்குகிறது. ஒரு கை வெடுக்கென்று அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்னொரு தடவை பார்ப்பதானால், 1944 ரயில் சண்டையை ஓட்டிவிட்டு பேஸ்பால் மட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்.