கார்டிசால் பொடிக்கு 9,000 ரூபாயா?

கேள்வி: வயது 34. உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. கழுத்து கறுத்துவிட்டது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப்பில் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்தேன். வெறும்வயிற்று இன்சுலின் 28, காலை கார்டிசால் 27, இரண்டும் சிவப்பில் வந்தன. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 5.8. "அட்ரினல் ஓவராக வேலை செய்வதால்தான் இன்சுலின் ஏறுகிறது, 3 மாதம் பொடி சாப்பிட்டால் சரியாகும்" என்கிறார் ரிப்போர்ட்டை விளக்கப் போன் செய்தவர். விலை 9,000 ரூபாய். வாங்கலாமா? மாதவிலக்கு ஒழுங்காக வர டாக்டர் கொடுத்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலித்தால் எப்போதாவது வைத்தியர் தரும் பொட்டலம். – திண்டுக்கல் வாசகி

பதில்: வாங்க வேண்டாம். கார்டிசால் என்பது சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். அந்த 27-க்குப் பெரும்பாலும் காரணம் உங்கள் கருத்தடை மாத்திரை. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜென், ரத்தத்தில் கார்டிசாலைச் சுமந்து திரியும் புரதத்தைப் பெருக்கிவிடும். சுமப்பது கூடினால் லேப் எண்ணும் கூடும். உடலில் வேலை செய்யும் கார்டிசால் கூடியிருக்காது. போன் செய்தவர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அவர் வேலை விற்பது.

இதை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். கார்டிசால் உண்மையிலேயே மிகையா என்று பார்க்க, இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்கும் சோதனை உண்டு. கருத்தடை மாத்திரையோடு செய்தால் அதுவும் பொய் சொல்லும். மாத்திரையை நிறுத்தி 6 வாரம் கழித்துச் செய்ய வேண்டும், அதுவும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு. அல்லது நள்ளிரவு உமிழ்நீரில் பார்க்கலாம். அதை இந்தப் புரதம் அவ்வளவாகக் குழப்பாது. ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. வயிற்றுத் தோலில் விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்புக் கோடுகள், லேசாகத் தட்டினாலே ரத்தக்கட்டு, உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாத தொடைப் பலவீனம் ஆகியவை இருந்தால்தான் சந்தேகப்படுவோம். பிரசவத்துக்குப் பின் வந்த வெள்ளைக் கோடுகள் கணக்கில் வராது.

அட்ரினலுக்கும் இன்சுலினுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. கார்டிசால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும், தசையை வாங்கவிடாமல் தடுக்கும். ஈடுகொடுக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான அட்ரினலின் (adrenaline) நேர்மாறு: அவசர நேரத்தில் இன்சுலின் சுரப்பை அது அடக்கிவைக்கும். ஆகவே "டென்ஷனால் இன்சுலின் ஏறுது" என்ற ஒற்றை வரி விளம்பரத்துக்குத்தான் ஆகும். பருத்த எலிகளின் அட்ரினலை வெட்டி எடுத்தால் இன்சுலின் இறங்குவது உண்மை. மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. சாதாரண உடல்பருமனில் ரத்தக் கார்டிசால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கொழுப்புத் திசு ஒரு நொதியின் துணையோடு தனக்குள்ளேயே கொஞ்சம் கார்டிசால் தயாரித்துக்கொள்ளும், அது லேப் ரிப்போர்ட்டில் தெரியாது. அந்த நொதியைத் தடுக்க மருந்துக் கம்பெனிகள் முயன்று கிடைத்தது சொற்பப் பலன். அவர்களால் முடியாததைப் பொடி முடிக்குமாம்.

உங்கள் இன்சுலின் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்த கொழுப்பு. அவை இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை, கணையம் குரலை உயர்த்துகிறது. கழுத்துக் கறுப்பும் அதனால்தான்; கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

நான் பயப்படுவது அந்தப் பொட்டலத்துக்கு. பேப்பரில் மடித்த வெள்ளைப் பொடி, பெயர் கிடையாது, ஒரே ராத்திரியில் வலி பறந்துவிடும், பசி மட்டும் தாங்காது. இப்படியிருந்தால் உள்ளே ஸ்டீராய்டு மாத்திரை இடிக்கப்பட்டிருக்கலாம். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பட்டம் பெற்றவர் மருந்தின் பெயரை எழுதித் தருவார். சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு, மெடிக்கல் ஷாப்பில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. முகம் வெளுக்கும் கிரீம்களிலும் அது உண்டு. 2018-லேயே அவற்றையும் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் பட்டியலாகவே இருக்கிறது. போலி கார்டிசாலாக வேலை செய்து இன்சுலினை ஏற்றுவது இந்த வெளிச்சரக்குதான்.

எப்போதாவது என்றால் இன்றே விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் தினமும் சாப்பிடும் யாரும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அட்ரினல் தூங்கிப்போயிருக்கும், வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பொட்டலத்தோடு போங்கள். வரிசை நீளம்தான், ஆனால் அங்கே யாரும் பொடி விற்க மாட்டார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது 5.8 மட்டும், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்து, தனி வழிகாட்டல் பெறாதவர்களில் 3 ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் செய்தவர்களில் 39. எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்த பலன் அது. நீங்கள் 4, 5 கிலோ இறக்கினால் இன்னும் நல்லது. இன்சுலின், கார்டிசால் டெஸ்ட்டுகளைத் திரும்ப எடுக்காதீர்கள். அடுத்த வருடம் எச்பிஏ1சி மட்டும் எடுங்கள், பேக்கேஜ் இல்லாமல்.