நாகர்கோவிலில் இரவு வாழ்க்கை உண்டா?

"இசை, உடை, கலை எல்லாம் ஒரே ராத்திரியில் பார்க்க நாகர்கோவில் பக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கிளப் தேடாதீர்கள், கொடை, அதாவது நாட்டார் தெய்வக் கோவில் திருவிழா, நடக்கும் ஊரைத் தேடுங்கள்.

சுடலைமாடன், இசக்கியம்மன் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். மேடைக்குப் பக்கத்தில், குடக்காரர் தெரிகிற மாதிரி உட்காருங்கள். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகச் சிலிர்க்கும். குடக்காரர் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். அந்த 'கும்' காதில் விழாது, நெஞ்சில் விழும். எந்த ஸ்பீக்கரிலும் நான் அதைக் கேட்டதில்லை. உடுக்கும் ஜால்ராவும் வேகம் பிடித்து, கதை உச்சத்துக்கு வரும்போது சாமி வந்துவிடும்.

உடையையும் அங்கேதான் பார்க்க வேண்டும். சாமியாடுபவரின் இடுப்புக் கச்சை, சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டை, தலையில் குல்லா, தீப்பந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு. துணி, உடல், இசை மூன்றும் ஒன்றாக அசையும். ஆனால் அது வழிபாடு. முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

பகலில் வடசேரிக்குப் போங்கள். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் சிவப்புக்கல் கோவில் நகைகள் அங்கே கையால் செய்யப்படுகின்றன. புவிசார் குறியீடும் பெற்றவை.

தற்காலக் கலைக்கு மட்டும் ரயிலேற வேண்டும். 2012இல் தொடங்கிய கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பினாலேதான் நமக்குப் பக்கம்.

கொடைகள் பங்குனி, சித்திரையில் அதிகம். செவ்வாய், வெள்ளி ராத்திரிகளில் எந்த ஊரில் கொடை என்று விசாரித்துப் பாருங்கள்.